சான்றிதழுக்கு முளைப்புப் பார்த்தவள்

ஈரத்துணிச் சுருளை மேஜைமேல் கிடத்தி, தூங்கும் பிள்ளையின் போர்வையை விலக்குவதுபோல மெல்ல மெல்லப் பிரிக்கிறாள் இசக்கிச்செல்வி. உள்ளே வரிசை வரிசையாக உளுந்து. சில விதைகள் வெள்ளை வாலை நீட்டியிருக்கின்றன. சில ஊதிப் பெருத்து, தொட்டால் நசுங்குகின்றன. அவள் உதடு அசையாமல் எண்ணுகிறாள். எதிரே, விதை வாங்க வந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிற சம்சாரி, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்.

"இந்த மூட்டை ஒங்களுக்கு வேண்டாம் மாமா. அந்தா அங்கன இருக்கு பாருங்க, அதுல எடுத்துக்கிடுங்க."

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் குருசாமி அண்ணாச்சி தொண்டையைச் செருமுகிறார். வேண்டாம் என்று அவள் ஒதுக்கியது அவருடைய சரக்கு. பதினோரு வருஷமாக அவர் செருமிக்கொண்டுதான் இருக்கிறார். பதினோரு வருஷமாகக் கோவில்பட்டியின் மற்ற விதைக்கடைகளைத் தாண்டி அவர் கடைக்குத்தான் கூட்டமும் வந்துகொண்டிருக்கிறது.

இசக்கிச்செல்விக்கு வயது முப்பத்தாறு. மெலிந்த உடம்பு, கனத்த குரல். கணக்கில் பட்டம் வாங்கியவள். பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைப் பார்ப்பாள். "வாய்க்குப் பழக்கம் உண்டு, கைக்குக் கிடையாது" என்பாள். எதையும் சோதிக்காமல் வீட்டுக்குள் விட்டதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே, மாப்பிள்ளை சோலைமுத்து லோடு ஆட்டோ நிறுத்துகிற ஸ்டாண்டுக்குத் தன் சித்தப்பாவை அனுப்பி, கூலியில் தகராறு உண்டா, குடி உண்டா, மழையில் நனைந்த மூட்டைக்கு யார் பொறுப்பேற்பார் என்றெல்லாம் விசாரித்துவிட்டாள். சித்தப்பா திரும்பி வந்து தலையசைத்த பிறகுதான் காபித் தட்டோடு வெளியே வந்தாள். சோலைமுத்து இந்தக் கதையை இன்றும் பெருமையாகச் சொல்வான். "எனக்கே முளைப்புப் பாத்துத்தான் கழுத்த நீட்டுனா."

கடைக்குப் பில் போட ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது அண்ணாச்சி அதைத் தொடவே அஞ்சினார். இவள்தான் உட்கார்ந்தாள். பில் போட்டது போக மிச்ச நேரத்தில், மழைக்கு மறுநாள் எந்த ஊர்க்காரர் எந்த விதை கேட்டு வருகிறார் என்று பதிந்துகொண்டே வந்தாள். ஓட்டப்பிடாரம் பக்கம் தூறல் விழுந்தால் எத்தனை பை பாசிப்பயறு இறக்கி வைக்க வேண்டும் என்று மெஷினே சொல்லும்படி ஒரு கட்டத்தில் செய்துவிட்டாள். பிரிண்டர் பழுது பார்க்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, பாதி கோடிங் நீங்களே பண்ணி வச்சிருக்கீங்களே" என்றார். மீதிப் பாதி என்ன என்கிற கேள்வி அன்றுதான் அவள் நெஞ்சில் விழுந்தது.

அந்த விதைக்கு மழை ஆனி மாதத்தில் வந்தது. எட்டயபுரம் சாலையில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் சென்னைக் கம்பெனி ஒன்று கிளை திறந்தது. ஆட்கள் தேவை என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள். ஒரு பட்டம் வேண்டும், கம்ப்யூட்டர் புரோகிராமிங் சான்றிதழ் வேண்டும், வயது வரம்பு இல்லை. அந்தக் கடைசி வரியை அவள் நின்று இரண்டாம் தடவையும் படித்தாள். சம்பளம் விதைக்கடையைப்போல இரண்டரை மடங்கு.

சான்றிதழ் வாங்கித் தருகிற பயிற்சி மையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே இருந்தது. உள்ளே குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, வாசலில் ஆள் உயரத்துக்குப் பேனர். ஆறு மாதம், ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய், முடித்தால் வேலைக்கு நாங்கள் பொறுப்பு என்று அங்கிருந்த பெண் தேன் ஒழுகச் சொன்னாள். இசக்கிச்செல்வி அவள் கையைப் பார்த்தாள். வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை ரசீதுப் புத்தகத்தைத் திறந்துகொண்டிருந்தது.

வீட்டில் அறுபதாயிரம் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே பெயர் சூட்டியாகிவிட்டது. சோலைமுத்துவின் லோடு ஆட்டோ அரை மூட்டை கூடுதலாக ஏற்றினாலே கறுப்புப் புகை கக்கியது. இன்ஜினை மாற்றியாக வேண்டும், அதுவும் புரட்டாசிக்குள். இந்தக் கரிசல் காட்டில் விதைப்புக் காலத்து மூன்று மாதம்தான் வண்டிக்கு வருஷச் சம்பாத்தியம். அந்த மூன்று மாதம் வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்று யோசிக்கும். சான்றிதழா, இன்ஜினா? இரண்டுக்கும் பணம் கிடையாது.

"நீ போய்ச் சேரு" என்றான் சோலைமுத்து.

"வண்டி?"

"வண்டிக்கு என்னைய விட வயசு கம்மி. பொறுத்துக்கிடும்."

அண்ணாச்சியோ நல்ல ஊழியரை இழக்கப்போகிற வேதனையில், காலையில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "இப்பம் ஏஐன்னு ஒண்ணு வந்திருக்காம்லா தாயி, அதுவே எல்லாத்தையும் எழுதிருதாம். இந்த நேரத்துல போயி அம்புட்டுத் துட்டையும் அங்கன கொட்டப்போறியாக்கும்."

"ஒங்க மவன் வாங்குன டிராக்டர் தானாவா வெதைக்குது அண்ணாச்சி? எந்த ஆழத்துல விழணும்னு தெரிஞ்சவன் ஒருத்தன் மேல உக்காந்திருக்கான்லா."

அவர் செய்தித்தாளை மடித்துவிட்டார். அவளுக்குத் தன் திறமையைப் பற்றிச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் அந்த ஐம்பத்தெட்டாயிரத்தின் மேல்தான். வெளியே சொல்லாமல் ஒரு வாரம் உள்ளுக்குள்ளேயே புரட்டிப் பார்த்தாள். அவள் குழப்பத்தில் இருந்தால் குழம்பில் உப்புக் கூடும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி உப்பு சரியாக இருந்தது. சோலைமுத்து முதல் கவளத்திலேயே நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் முடிவெடுத்துவிட்டாள், அதுவும் இன்ஜின் என்று முடிவெடுத்துவிட்டாள் என்று புரிந்துபோயிற்று. வேகவேகமாகச் சாப்பிட்டு எழுந்தான்.

திங்கள்கிழமை காலையில் பஸ்ஸுக்காக, ஊர்ச்சாலை பிரிகிற விலக்குக்கு நடந்து வந்த இசக்கிச்செல்வி, அப்படியே நின்றுவிட்டாள். வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே, பத்தடி அகலத்தில், அவளே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த முகம். பின்னணியில் அமெரிக்கக் கட்டடங்கள், ஒரு லேப்டாப், எதற்கென்று தெரியாமல் ஒரு கழுகு. கீழே கொட்டை எழுத்தில்: "மென்பொருள் துறையில் தடம் பதிக்கும் எங்கள் அன்பு மதினி சோ. இசக்கிச்செல்வி பி.எஸ்சி. அவர்களை வாழ்த்தி மகிழும் லோடு ஆட்டோ நண்பர்கள்."

காதுகுத்துக்கும் சடங்குக்கும் புதுவண்டிக்கும் பேனர் வைக்கிற ஊர்தான். ஆனால் இன்னும் எங்கேயும் சேராத ஒருத்திக்கு, தடம் பதித்துவிட்டதாகப் பேனர் வைத்தது அன்றுதான் முதல் தடவை. பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரே, "சாப்ட்வேர் அக்காவுக்கு எடம் விடுங்க" என்றார். அவளுக்கு முகம் எரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"கண்ணீர் அஞ்சலின்னு ஒண்ணுதான் போடலை. மத்ததெல்லாம் இருக்கு. என்ன பண்ணி வச்சிருக்கீங்க நீங்க?"

சோலைமுத்து வண்டியின் அடியிலிருந்து வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ்.

"பேனர் வைக்கலைன்னா நீ இன்ஜின்னு சொல்லிப்பிடுவ. எனக்குத் தெரியாதா ஒன்னைய? இப்பம் ஊரே பாத்துட்டு. இனிமே நீயே நெனைச்சாலும் பின்னால போக முடியாது, பாத்துக்கோ."

சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான். எல்லோருடைய கையையும் எடைபோடுகிறவள், அந்தக் கறுத்த இரண்டு கைகளை மட்டும் அன்று பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். பருப்பு வேகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் ஒரு மூச்சு அழுதாள். கல்யாணத்தின்போது சித்தப்பா விசாரிக்காமல் விட்டுவிட்ட ஒரு குணம் அந்த மனிதனிடம் இருந்திருக்கிறது.

ஆனாலும் இசக்கிச்செல்வி இசக்கிச்செல்விதான். புருஷன் பாசத்தில் பேனர் வைக்கலாம்; அதற்காகச் சோதிக்காத விதையைக் காட்டில் தூவிவிட முடியுமா? மறுநாளே பயிற்சி மையத்துக்குப் போய், வாசலில் இருந்த பேனரைப் போனில் படம் பிடித்தாள். "எங்களிடம் படித்து வேலை பெற்றவர்கள்" என்ற தலைப்பின்கீழ் முகம், பெயர், ஊர் எல்லாம் இருந்தன. நூறு மூட்டையை முளைக்க வைத்துப் பார்க்க முடியாது; ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தால் மொத்தமும் தெரியும். அவள் படித்த கணக்கும் அதைத்தான் சொன்னது.

விதைக்கடைக்கு வராத ஊர் எது? உளுந்து வாங்க வந்த பசுவந்தனைக்காரரிடம், மக்காச்சோளம் வாங்க வந்த குறுக்குச்சாலைக்காரரிடம், பில்லை நீட்டியபடியே கேட்டாள். ஒங்க ஊருல இன்னார் மவன் இப்பம் என்ன பண்ணுதான்? பதில்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒருவன் உண்மையிலேயே சென்னையில் நல்ல கம்பெனியில் இருந்தான். ஒருத்தி கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி ஒன்றில் டோக்கன் கொடுக்கிறாள். ஒருவன் செல்போன் கடை. இன்னொருவன் இரண்டு மாதத்தோடு நின்றுவிட்டான். சேர்ந்த அன்றைக்கு எடுத்த படத்தையே பேனரில் போட்டிருக்கிறார்கள். கயத்தாறு ஜெயஷீலா என்ற பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, "சும்மாத்தான் இருக்கு, அப்பா பேக்கரியில உக்காந்திருக்கும்" என்றார் அந்த ஊர்ச் சம்சாரி.

இசக்கிச்செல்வி போனை மூடிவைத்தாள். கைப்பிடியில் முளைத்தது ஒன்றே ஒன்று. இதைக் காட்டில் போட்டால் களைதான் மிஞ்சும். முடிந்தது கதை என்றுதான் நினைத்தாள். பேனருக்கு ஊர்க்காரர்களிடம் என்ன பதில் சொல்வது என்பதுதான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கயத்தாறில் ஒரு கல்யாணம். மொய் எழுதிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால், ஆறுதலாக நாலு வார்த்தை பேசலாம் என்று அந்தப் பேக்கரிக்குள் நுழைந்தாள். முளைக்காமல் போன விதை எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கிற ஆசையும் உள்ளே இருந்தது.

பன் தட்டுகளுக்குப் பின்னால், கோயிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சுடிதாரோடு ஒரு பெண் லேப்டாப்பில் எழுதிக்கொண்டிருந்தாள். கேக் கேட்டவருக்குக் கேக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி எழுதினாள். அவள்தான் ஜெயஷீலா. சும்மா இருக்கவில்லை. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு அங்கிருந்தபடியே வேலை பார்க்கிறாள். கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஊர், வேலை இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டது. ஊர் சொன்னதை அப்படியே நம்பி அவளைப் பதராக ஒதுக்கியது, வேறு யாருமல்ல, முளைப்புப் பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்த இசக்கிச்செல்வி. அவளுக்குச் சுருக்கென்றது. விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

"எங்க அப்பாவே இன்னும் நம்பலைக்கா. மாசக் கடைசியில துட்டு வந்த பொறவுதான் அவிய மூஞ்சியே தெளியும்."

பிறகு பேச்சு உருப்படியாயிற்று. அந்தச் சான்றிதழ் அந்த விலை பெறுமா, பெறாதா என்று நேராகவே கேட்டாள் இசக்கிச்செல்வி. ஜெயஷீலா யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"அந்தப் பேப்பர் இல்லைன்னா நம்ம பேரை எடுத்துக்கூடப் பாக்க மாட்டாவ. உள்ள போன பொறவு அதை ஒருத்தரும் கேக்க மாட்டாவ. நீ என்ன செஞ்சிருக்க, அதைக் காட்டுன்னுதான் கேப்பாவ. வாசலைத் தாண்ட ஒரு டிக்கெட்டுக்கா அது, அவ்வளவுதான்."

அவள் சொன்ன அடுத்த செய்திதான் இசக்கிச்செல்வியை நாற்காலியில் நிமிர வைத்தது. மையத்தில் சேராமலே அந்தத் தேர்வை எழுதலாம். திருநெல்வேலியில் தேர்வு மையம் இருக்கிறது. கட்டணம் ஐயாயிரத்துச் சொச்சம். பாடமெல்லாம் போனிலேயே சும்மா கிடைக்கிறது. மையம் கேட்கிற மிச்ச ஐம்பதாயிரமும், தினமும் நம்மை ஓர் இடத்தில் உட்கார வைப்பதற்கான கூலி.

"ஒங்களை உக்கார வைக்க யாராவது வேணுமாக்கா?"

"என்னைய எந்திரிக்க வைக்கத்தான் ஆள் வேணும்" என்றாள் இசக்கிச்செல்வி.

அன்று மாலை சோலைமுத்துவிடம் சொன்னபோது அவன் முகம் சுண்டிப்போயிற்று. தனக்காகத்தான் அவள் குறைத்துக்கொள்கிறாள் என்று நினைத்துவிட்டான். பேனருக்கு ஆன செலவை மிச்சம் பிடித்திருக்கலாம் என்று முனகினான். அவள் அவன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"இது ஒங்களுக்காக இல்ல. வண்டிக்காகவும் இல்ல. அந்தச் சரக்கு அந்த வெலை பெறாது. பெறும்னா வண்டியையே வித்துப்பிட்டுச் சேந்திருப்பேன்."

அவள் பொய் சொன்னால் இடது கண் லேசாகச் சுருங்கும். அவன் பார்த்தான். சுருங்கவில்லை. அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தான்.

பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினார்கள். மிச்சப் பணத்தில் இன்ஜினைப் புதிதாக மாற்ற முடியவில்லை. பிரித்துச் சீர்செய்ததில் புகை பாதி அடங்கிற்று. அதிகாலையில் கோலம் போட்ட கையோடு படிக்க உட்கார்வாள். கடையில் கூட்டம் குறைகிற மதியத்தில், அண்ணாச்சி கண்ணயர்கிற வேளையில், மழையையும் ஊரையும் சொன்னால் எந்த விதை எத்தனை பை என்று சொல்கிற தன் பழைய கணக்கை, அசல் புரோகிராமாக எழுத ஆரம்பித்தாள். ஞாயிறுகளில் ஜெயஷீலா போனில் திருத்துவாள்.

ஆவணியில் தேர்வு எழுதினாள். அறையிலேயே முதல் ஆளாக முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடிவு அப்போதே திரையில் வந்தது. தோல்வி.

ஐயாயிரத்துச் சொச்சம் அரைநாளில் காற்றில் போயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேள்வியை முழுசாகப் படிக்காமல் பதில் போட்டதுதான் காரணம் என்று ஜெயஷீலா போனில் திட்டினாள். "ஒங்க கர்வம்தான்க்கா ஒங்களுக்குச் சத்ரு." தன்னைவிடப் பத்து வயது இளையவள் சொன்ன அந்த வார்த்தையை இசக்கிச்செல்வி மறுக்கவில்லை. விலக்கில் இறங்கினால் பேனர் சிரித்தது. கடைக்கு வருகிறவர்கள், "என்னம்மா, சாப்ட்வேர் என்னாச்சு?" என்று கேட்டார்கள். "தண்ணி காட்டியிருக்கேன் மாமா, மொளைக்கட்டும்" என்று சொல்லி விதையை அளந்து போட்டாள். குரல் மட்டும் தணியவே இல்லை.

ஐப்பசிக் காற்றில் பேனரின் கயிறு அறுந்தது. கனத்த பிளாஸ்டிக் தாள் வீணாகிறதே என்று சோலைமுத்து அதைச் சுருட்டி எடுத்துவந்து, மழையில் உர மூட்டைகளுக்கு மேலே போர்த்திக் கட்டினான். அந்த விதைப்புக் காலம் முழுக்க இசக்கிச்செல்வியின் கல்யாண முகம், அமெரிக்கக் கட்டடங்களோடும் கழுகோடும், கரிசல் ஊர் ஒவ்வொன்றுக்கும் போய்வந்தது. "மதினி, ஒங்க மூஞ்சிதான் எங்க யூரியாவைக் காப்பாத்துச்சு" என்றார்கள் ஆட்டோ நண்பர்கள். அவளும் சிரித்தாள். விதைப்புக் கூட்டத்தில் நாலு வாரம் புத்தகத்தைத் தொடவே முடியவில்லை. அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

தையில் மறுபடியும் கட்டணம் கட்டி, மறுபடியும் திருநெல்வேலிக்குப் போனாள். இந்தத் தடவை அறையிலிருந்து கடைசி ஆளாக வெளியே வந்தாள். வாசலில் வண்டியோடு நின்றான் சோலைமுத்து. ஏறி உட்கார்ந்து, "அல்வா வாங்கிட்டுப் போவோம்" என்றாள். அவன் ஹாரனை அழுத்தியபடியே அந்தத் தெருவைக் கடந்தான்.

மாசி பிறந்த வாரத்தில் அந்தச் சென்னைக் கம்பெனி மறுபடி ஆள் எடுக்க, எட்டயபுரம் சாலையில் அந்த மேல்மாடிப் படிகளை ஏறினாள். மாம்பழ நிறப் புடவை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ். கீழே நகைக்கடை வாசலில் சோலைமுத்து. அவனுக்குப் பக்கத்தில், யாரும் கூப்பிடாமலே கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த குருசாமி அண்ணாச்சி. வேலை கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ள வந்தாரா, கிடைக்க வேண்டும் என்றா என்பது அவருக்கே தெரியவில்லை. அவர் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

உள்ளே கேள்வி கேட்டவன் சென்னையிலிருந்து வந்த இளைஞன். மரியாதை தெரிந்தவன், களைத்துப்போயிருந்தான். சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பினான். பட்டம் வாங்கிய வருஷத்தைக் கண்டதும் புருவம் ஏறி இறங்கியது.

"தப்பா நினைக்காதீங்க மேடம். காலையிலிருந்து வந்த எல்லார்கிட்டயும் இந்தப் பேப்பர் இருக்கு. பாதிப் பேருக்கு இதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியலை. இதுக்கு மேல உங்ககிட்ட என்ன இருக்கு?"

இசக்கிச்செல்வி நாற்காலியிலிருந்து எழுந்தாள். எழுந்து போகப்போகிறாள் என்று நினைத்து அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி அவன் பக்கமாக வந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கிடுங்க தம்பி, நான் எழுதுன வெதைக் கணக்கக் காட்டுதேன்" என்று சொல்லி, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவன் கம்ப்யூட்டரின் கீபோர்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.